பெயர் வாங்கியவள்

பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தபோது அப்பா அவள் விரலைக் கடித்தார். வாயில் மிஞ்சியிருந்தது ஏழெட்டுப் பற்கள்தான். அவற்றை வைத்துக்கொண்டே நகக்கண் சிவக்கும்வரை கடித்தார். விரலில் ஒட்டியிருந்த ஈரத்தை உறிஞ்சி முடித்த பிறகுதான் விட்டார்.

“தண்ணி,” என்றார்.

“டாக்டர் வந்து சொல்லட்டும்ப்பா.”

“ஏய். தண்ணி.”

அந்த வீட்டில் அவளுக்கு ஏய் என்று பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறொன்று இருந்தது. அதைச் சொல்லி அவர் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. ஐம்பதைத் தாண்டி, தலை நரைத்து, ஒரு முழங்கால் மடங்க மறுத்த பிறகும் ஏய்தான். அவள் விரலைத் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி பஞ்சை நனைத்தாள்.

பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தபோது தொண்டையும் சேர்ந்து விழுந்துவிட்டது. வாய் வழியாக எது போனாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள் என்பது டாக்டரின் கண்டிப்பு. ஆகாரமும் மருந்தும் தண்ணீரும் மூக்குக் குழாய் வழியாகப் போயின. வயிறு நிறைந்தது, நாக்கு காய்ந்தது. மனிதர் வாரக்கணக்கில் தாகத்தோடு படுத்திருந்தார்.

அவளுக்கும் ஒன்று வேண்டியிருந்தது. அவர் கண்ணை மூடுவதற்குள், அவர் வாயால், தனக்கு ஒரு பெயர் வாங்கிவிட வேண்டும். கேட்டால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. சிரிக்க வேண்டிய ஆசைதான். ஆனால் அந்த வீட்டுக்குள் வளர்ந்து பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

அப்பா லத்தீன் வாத்தியார். விடுதியோடு கூடிய ஒரு பழைய பள்ளிக்கூடத்தில், எந்த ஊரிலும் யாரும் பேசாத மொழியை, வீட்டுக்கு அடங்காத பையன்களுக்கு ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தவர். பாடத்தில் ஓர் இடம் அவருக்கு உயிர். ஒரு வினைச்சொல்லை எடுத்து, அதைச் செய்தவனுக்குப் பெயர் உண்டாக்குவது.

“நம்ம மொழியில இது ஒழுங்கே இல்லாத சமாசாரம்” என்று ஆரம்பிப்பார். “ஓட்டறவன் ஓட்டுநர். பாடறவன் பாடகன். எழுதறவன் எழுத்தாளன். பால் கொண்டுவந்தா பால்காரன். ஆளுக்கொரு வால். லத்தீனைப் பாருங்கடா. வினையோட நாலாவது வடிவத்தை எடு. கடைசித் துண்டை வெட்டு. ஆம்பளைன்னா ஓர், பொம்பளைன்னா ரிக்ஸ். தீந்துது. கண்டக்டர், டைரக்டர், இன்ஸ்பெக்டர்னு நாள் முழுக்க லத்தீன் பேசிக்கிட்டே லத்தீன் செத்துப்போச்சுங்கறானுங்க, மடப்பசங்க.”

நாலாவது வடிவம் என்றால் செய்து முடிந்த வினையின் வடிவம். அவர் அழுத்திச் சொன்னது அதைத்தான். காரியம் முடிந்தால்தான் அதைச் செய்தவன் பிறக்கிறான், செய்துகொண்டே இருக்கிறவன் இன்னும் யாருமில்லை என்பார். இது லத்தீன்காரன் சொன்னதா, இவராகச் சேர்த்துக்கொண்டதா என்று கேட்கும் துணிச்சல் வகுப்பில் ஒருவனுக்கும் இருந்ததில்லை.

பாடத்தை வகுப்போடு விட்டாரா என்றால், இல்லை. வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் தீர்ப்பு நடக்கும். தம்பி பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தன் பேனாவைக் கொடுத்துவிட்டு வந்த அன்று தோனாத்தோர் ஆனான், கொடுத்தவன். மறுவாரமே மனசு கேட்காமல் போய்ப் பேனாவைத் திருப்பி வாங்கிவந்தான். அப்பா எல்லோர் முன்னாலும் மேசையைத் தட்டிப் பெயரைப் பிடுங்கிக்கொண்டார். செய்ததை நீயே அழித்தால் செய்தவனும் அழிந்தான் என்றார். பையன் அழுத அழுகை தெருக்கோடிவரை கேட்டது. பிறகு ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்து விக்தோர் ஆனான், வென்றவன். அதற்கப்புறம் அவன் எதிலும் வென்றதாகத் தகவல் இல்லை. இரண்டு கடை வைத்து இரண்டையும் இழுத்து மூடினான், இப்போது டயர் கடை. பெயருக்கு மட்டும் சேதமில்லை.

அம்மா ஓராத்ரிக்ஸ். கல்யாணமான புதிதில் வைத்தது. சொல்லும்போது அப்பா லேசாகத் தலையைக் குனிந்து சொல்வார். மகாராணி என்பது மாதிரி ஏதோ என்று அம்மா நினைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடமும் பெருமையாகச் சொல்லிவைக்க, அவர்களும் ஓரா அக்கா என்றே கூப்பிட்டார்கள். அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த அன்றுதான் அப்பா சிரித்துக்கொண்டே அர்த்தம் சொன்னார்.

“கெஞ்சறவ. வந்த மறுநாளே அம்மா வீட்டுக்குப் போகணும்னு ஒரே கெஞ்சல். அன்னிக்கு வெச்சேன்.”

தம்பியும் சிரித்தான். அவளுக்குத் தட்டை அப்படியே தூக்கி அவர் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. எழுந்து போய் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

இதைக் கேட்ட பிறகு ஒரு பெண்ணுக்குப் பெயராசை விட்டுப்போயிருக்க வேண்டும். விடவில்லை. கெஞ்சுகிறவள் என்றாலும் அம்மாவை அவர் ஏறெடுத்துப் பார்த்து இன்னாரென்று சொல்லியிருக்கிறார். இவளைப் பார்த்ததே இல்லை. அம்மா போன பிறகு வீடு இவள் தலையில் விழுந்தது. வந்த வரன்களை அப்பா ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார், இவள் ஏனென்று கேட்கவில்லை. கூடத்தில் தனிப்பாடத்துக்கு வந்த பையன்கள் படிக்கும்போது சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று காதில் விழுந்ததையெல்லாம் பொறுக்கிக்கொண்டாள். தனியாக இருக்கும்போது தனக்குத் தானே பெயர் செய்துபார்ப்பாள். ஆனால் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்கிறவன் பைத்தியக்காரன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஒரு தடவை அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது கேட்டேவிட்டாள்.

“உனக்கா?” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீ எதைச் செஞ்சு முடிச்சிருக்க? பெருக்கற, மறுநாள் குப்பை. துவைக்கற, மறுநாள் அழுக்கு. சமைக்கற, மறுநாள் பசி. ஒண்ணாவது முடிஞ்சிருக்கா? அதுவும் நான் சொல்லித்தான் செய்யற. சொன்னதைச் செய்யறது கை. அது ஆள் இல்ல.”

அதைச் சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். அவள் அவர் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போடப் போனாள்.

அப்பா விரலைக் கடித்த அன்று காலை டாக்டர் வழக்கம்போலத் தாமதமாக வந்தார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு, குங்க்தாத்தோர். தாமதிக்கிறவன் என்று அர்த்தம். டாக்டருக்கு அது தெரியாது, ஏதோ பட்டம் என்று நினைத்து மற்ற நோயாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு அவரை டாக்டர் என்று கூப்பிடப் பிடிக்காது. தோக்தோர் என்றால் கற்பிப்பவன், இந்த அறையில் டாக்டர் நான்தான் என்று முதல்நாளே சொல்லிவிட்டார்.

டாக்டர் நாடி பார்த்தார், இமையை விலக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு குழாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். குரலைத் தாழ்த்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“இனிமே கட்டுப்பாடெல்லாம் எதுக்கும்மா? இன்னிக்கோ நாளைக்கோதான். தம்பிக்குச் சொல்லி அனுப்பிடுங்க. தண்ணி கேட்டா ரெண்டு ஸ்பூன் குடுங்க.”

“புரை ஏறாதா டாக்டர்?”

“ஏறினா ஏறட்டும். ஆசைக்குக் குடிச்சிட்டுப் போகட்டும். குடுத்தாலும் ஒண்ணுதான், குடுக்காட்டாலும் ஒண்ணுதான். இனி உங்க இஷ்டம்.”

உங்க இஷ்டம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வாசல்வரை போய் டாக்டரை அனுப்பிவிட்டு, தம்பிக்குப் போன் செய்தாள். கடையில் ஆள் வந்து நிற்கிறது, முடித்துவிட்டு வருகிறேன் என்றான். சமையலறையில் ஒரு டம்ளரைக் கழுவித் தண்ணீர் பிடித்து, ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு அறைக்கு வந்தாள்.

அப்பா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். டம்ளரைக் கண்டதுமே வாயைத் திறந்து வைத்துக்கொண்டார். நாக்கு வெடித்துப்போயிருந்தது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு ஸ்பூன் தண்ணீர் எடுத்து, பாதி வழியில் நிறுத்தினாள்.

நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. கை நின்றது. இத்தனை நாளும் தண்ணீர் தராதது டாக்டர். இன்றைக்கு டாக்டர் இல்லை.

“அப்பா, எனக்கு ஒரு பேரு வெச்சிட்டுக் குடிங்க.”

அவர் வாயை மூடவில்லை. கண் மட்டும் ஸ்பூனிலிருந்து அவள் முகத்துக்கு வந்தது.

“தண்ணி.”

“குடுக்கறேன். பேரு வைங்க.”

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, வகுப்பில் கேட்பாரே, அதே தோரணையில் கேட்டார். “எந்த வினை?”

அவள் தயாராகத்தான் இருந்தாள். வருஷக்கணக்காகத் தயாராக இருந்தாள். “குராத்ரிக்ஸ். பாத்துக்கிட்டவ.”

“முடிஞ்சுதா?”

“என்னப்பா?”

“பாத்துக்கற வேலை. முடிஞ்சுதா?” வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. “நான் இன்னும் சாகலையே.”

“நீங்க போயிட்டா முடிஞ்சிரும்ல?”

“அப்ப யாரு பேரு வைப்பா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இருமலாகி, நெஞ்சைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவள் பழக்கத்தில் அவர் தோளைப் பிடித்து ஒருக்களித்து, முதுகைத் தடவிக் கொடுத்து, எச்சிலைத் துடைத்து மறுபடி படுக்கவைத்தாள். இதையெல்லாம் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத்தான் செய்தாள். திரும்ப ஸ்பூனை எடுத்தாள்.

“செர்வாத்ரிக்ஸ்,” என்றாள். “காப்பாத்தினவ.”

அவர் தன் கையைப் பார்த்தார், மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்தார். “யாரை?”

இன்னும் நாலைந்து பெயர்கள் வைத்திருந்தாள். கழுவினவள், தூக்கினவள், விழித்திருந்தவள். ஒவ்வொன்றும் இவர் வாயில் என்ன ஆகும் என்று தெரிந்துவிட்டது. கோபம் காலிலிருந்து கிளம்பி மேலே வந்தது. இத்தனை வாரமாக ஒரு மனிதன் தன் மலத்தை ஒருத்தியைக் கொண்டு அள்ளவைத்துவிட்டு, அவளுக்கு ஒரு சொல் தர மனசு வராமல் கிடக்கிறான். உள்ளது அவ்வளவுதான்.

ஸ்பூனில் இருந்த தண்ணீரைத் திரும்ப டம்ளரில் ஊற்றினாள். நாற்காலியை ஒரு முழம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஏய். குடு.”

அவள் தலையை ஆட்டினாள்.

“டாக்டர் குடுக்கச் சொன்னான்ல?”

அவள் மறுபடி தலையை ஆட்டினாள். அவர் வலது கையை நீட்டினார், எட்டவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து எக்கிப் பார்த்தார், முடியாமல் விழுந்தார். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உதவிக்கு எழுந்திருக்காமல் அவர் படும் பாட்டை உட்கார்ந்து பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

அப்போது அவர் அவளைப் பார்த்தார். முழுசாக, நெற்றியிலிருந்து கால்வரை, புதிதாக ஒருத்தி அறைக்குள் வந்திருப்பது மாதிரி பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு சந்தோஷம் பரவியது. வருஷம் முழுக்கத் தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்த கடைசி பெஞ்சுப் பையன் திடீரென்று சரியான விடை சொன்னால் வாத்தியார்களுக்கு வரும் சந்தோஷம்.

“நெகாத்ரிக்ஸ்,” என்றார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை. அவளுக்குப் புரியவில்லையோ என்று நினைத்தாரோ என்னவோ, படிப்படியாகப் பிரித்தும் காட்டினார். “நெகாரே. நெகாத்தும். நெகாத்ரிக்ஸ்.”

மறுத்தவள். இல்லை என்றவள். அவளுக்குப் புரிந்தது. யாரும் சொல்லாமல், அவளாக, செய்து முடித்த வினை.

அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்தது. வெட்கங்கெட்ட மகிழ்ச்சி, காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்து, ஒரு நிமிஷம் அவர் மேல் அன்பு கூட வந்தது. ஸ்பூனை எடுத்துத் தளும்பத் தளும்ப மொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள்.

“குடுக்கறேன்ப்பா. இதோ.”

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் தாகத்தோடு கூட இன்னொன்றும் இருந்தது. அவள் கை மறுபடி நின்றது. ஸ்பூன் உதட்டைத் தொட்டால் மறுத்தவள் என்று யாரும் இல்லை. செய்ததை நீயே அழித்தால் செய்தவளும் அழிந்தாள். அவருக்கும் அது தெரியும். தெரிந்துதான் வைத்திருக்கிறார். இப்போது என்ன செய்வாய், பார்க்கலாம் என்று அந்தக் கண் கேட்டது.

அவள் ஸ்பூனை டம்ளருக்குள் போட்டாள். டம்ளரை மடியில் வைத்து, உள்ளங்கையால் அதன் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முதலில் அதட்டி, பிறகு சாதாரணமாக. ஒரு தடவை கெஞ்சினார் என்றுகூடச் சொல்ல வேண்டும். பிறகு குரல் போய் உதடு மட்டும் அசைந்தது. வெளியே யாரோ ஒரு காலி சிலிண்டரைத் தெரு நெடுக உருட்டிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது, மறுபடி ஓடியது. அவள் எழுந்து போகவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பஞ்சையும் நனைக்கவில்லை. எந்த நிமிஷமும் கையை எடுத்து ஒரு ஸ்பூன் கொடுத்திருக்கலாம், அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. உச்சிவெயில் ஜன்னலைத் தாண்டி அறைக்குள் வந்தபோது அவர் மூச்சு ஒன்று நீளமாக வெளியே போனது, அடுத்தது வரவில்லை.

கொஞ்ச நேரம் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். பிறகு அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை, பயம்தான் வந்தது. டம்ளரைச் சமையலறைக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தாள்.

தம்பி மனைவியோடு வந்து சேர்ந்தபோது டாக்டர்கூட வந்துவிட்டிருந்தார். தம்பி கட்டிலருகே நின்று கொஞ்சம் அழுதான். உண்மையான அழுகைதான், அவனைக் குறை சொல்ல முடியாது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளிடம் வந்தான்.

“கடைசியா ஏதாவது சொன்னாராக்கா? என்னைக் கேட்டாரா?”

“இல்லடா.”

“ஒண்ணுமே சொல்லலையா?”

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் ஒரு மனுஷிக்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு கிடைத்த பொருளை எவ்வளவு நேரம் மடியில் மறைத்து வைத்திருக்க முடியும்?

“எனக்குப் பேரு வெச்சாரு.”

“உனக்கா?” அழுகைக்கு நடுவில் அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. “என்ன பேரு?”

சொன்னாள்.

“நல்லாருக்கே! என்னக்கா அர்த்தம்?”

“தெரியல.”

அவன் கூடத்துக்குப் போய் எல்லோரிடமும் சொன்னான். அப்பா உயிர் போகிற நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டு லத்தீனில் பெயர் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார் என்று அவன் வாயில் அது ஒரு கதையாகிவிட்டது. தம்பி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கத்துக்கு வந்திருந்த பழைய மாணவர்கள் நெகிழ்ந்துபோய் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர்களில் ஒருவர் பள்ளியின் இப்போதைய முதல்வர். படிக்கிற காலத்தில் அப்பாவின் குரலை அச்சாகப் பேசிக்காட்டி மாட்டிக்கொண்டு இமிதாத்தோர் என்று பெயர் வாங்கியவர், போலச் செய்தவன். விளையாட்டாக ஆரம்பித்தது, வயதாக ஆக அதுவே அவருடைய சொந்தக் குரலாகிவிட்டது. அவர் டீ கோப்பையோடு சமையலறை வாசலில் வந்து நின்று பேசியபோது, அடுப்பைப் பார்த்து நின்றிருந்த அவளுக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

“நெகாத்ரிக்ஸா? சார் அப்படியா சொன்னாரு?”

“ஆமா.”

“எப்ப சொன்னாரு?”

“தண்ணி கேட்டப்ப.”

“தண்ணி குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரே. அதுக்கா?”

“காலைல வந்து, குடுக்கலாம்னு சொல்லிட்டுப் போனாரு.”

முதல்வர் கோப்பையைப் பார்த்தார். அதிலிருந்து ஒரு வாய் குடிக்கப் போய், குடிக்காமல் நிறுத்தினார். கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

“ரொம்ப அபூர்வமான சொல்லு,” என்றார் கடைசியில். “பழைய புத்தகங்கள்ல தேடித்தான் பிடிக்கணும். எங்களுக்கெல்லாம் சாதாரணப் பேருதான் கிடைச்சுது.” போக அடியெடுத்தவர் திரும்பினார். “சார் யாருக்கும் தப்பாப் பேரு வெச்சதில்ல.”

அதையும் அப்பாவின் குரலில்தான் சொன்னார். வேறு குரல் அவருக்குக் கிடையாது.

மறுநாள் காலை அடக்கம். குழியின் ஓரத்தில் ஈரமண் சரிந்துகொண்டே இருந்ததால் எல்லோரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். முதல்வர் நாலு வார்த்தை பேசினார். சார் எப்படிப் பெயர் வைப்பார், அந்தப் பெயர்கள் எப்படி ஆளை விட்டுப் போகாமல் ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னார். கூட்டத்தில் நரைத்த தலைகள் சிரித்தன, கத்தினவன், தூங்கினவன் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டன.

“கடைசிப் பேரைத் தன் மகளுக்கு வெச்சிட்டுப் போயிருக்கார் சார்,” என்றார் முதல்வர். “நெகாத்ரிக்ஸ். கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டவள் என்று அர்த்தம்.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. முதல்வர் அவள் பக்கம் பார்க்காமல் கீழே குனிந்து ஒரு பிடி மண் எடுத்தார். சாரின் பெயரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாரா, இவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டாரா, தெரியாது. அவள் ஒருநாள்கூட முழுசாக வைத்துக்கொள்ளாத பெயரை அவர் குழி மேட்டில் நின்று எடுத்துப் போய்விட்டார். எந்த வேலைக்கு அப்பா கடைசிவரை பெயர் தர மறுத்தாரோ அந்த வேலையையே திரும்ப அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். இல்லை, அது பொய் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் உண்மை எதுவென்று கேட்பார்கள். அவள் மண் எடுத்துப் போட்டாள். பெண்கள் வரிசையாக வந்து அவள் கையைப் பிடித்து, உங்களை மாதிரி ஒரு மகள் யாருக்குக் கிடைக்கும் என்றார்கள்.

வீடு திரும்பியதும் அவள் அப்பாவின் அறையை ஒழிக்க ஆரம்பித்தாள். மெத்தை மேல் விரித்திருந்த ரப்பர் விரிப்பை உருவி, குளியலறையில் போட்டுச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அலசி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தபோது தம்பி நடையில் வழிமறித்தான். அவன் மனைவி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றாள்.

“அக்கா, நாங்க ரெண்டு பேரும் பேசினோம். நீ தனியா இங்க கிடந்து என்ன பண்ணப் போற? வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு.”

“பாக்கலாம்டா.”

“பாக்க என்ன இருக்கு? இவங்க அம்மாவும் இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையாக் கிடக்கறாங்க. ஆள் போட்டா நிக்க மாட்டேங்குது. உனக்கு இதெல்லாம் கைவந்த வேலை.”

“உங்களுக்குன்னு தனி ரூம் இருக்கு அண்ணி,” என்றாள் தம்பி மனைவி. “அம்மா கட்டில் பக்கத்துலயே ஒரு கட்டில் போட்டுடலாம். ராத்திரி எழுந்துக்க உங்களுக்கும் சௌகரியம்.”

“அப்பா சும்மாவா பேரு வெச்சிட்டுப் போனாரு?” தம்பி அவள் முதுகில் தட்டினான். பாசமாகத்தான் தட்டினான். “பாத்துக்கறவ. நெகாத்ரிக்ஸ். இனி நான் உன்னை அப்படித்தான் கூப்பிடப் போறேன். என்ன, நெகாத்ரிக்ஸ்? வண்டி வரச் சொல்லட்டுமா?”

“மாட்டேன்.”

“என்னது?”

அவன் முகத்தில் இன்னும் பாதிச் சிரிப்பு இருந்தது. அக்கா வாயில் அந்தச் சொல்லை அவன் கேட்டதில்லை, அதனால் வேறு ஏதோ சொல்கிறாள் என்று காத்திருந்தான். தம்பி மனைவி கைப்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அக்கா இன்னொரு தடவை சொல்லவில்லை. விரிப்பைத் தூக்கிப் பிடித்தபடி இருவருக்கும் நடுவில் புகுந்து கொல்லைக்குப் போனாள்.

கொடியில் விரிப்பைப் போட்டு, இரண்டு முனையையும் சமமாக இழுத்துவிட்டு, கிளிப் மாட்டினாள். கீழ் விளிம்பில் தண்ணீர் சேர்ந்து சொட்டுச் சொட்டாக அவள் பாதத்தில் விழுந்தது. அவள் காலை நகர்த்தாமல் நின்றுகொண்டிருந்தாள்.